க்ளவுஸ் யாரைக் காப்பாத்துது?

இந்த வார எபிசோடுக்குக் காரணம் என் சித்தி பையன். காலேஜ் ரெண்டாவது வருஷம். "அண்ணா, பாக்ஸிங் சேரட்டுமா, எம்.எம்.ஏ. சேரட்டுமா? எம்.எம்.ஏ.ல ரத்தம் கொட்டுது, பாக்ஸிங்னா ஓகேன்னு அம்மா சொல்றாங்க"ன்னு வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தான். 'சார்பட்டா பரம்பரை' பார்த்துட்டு நானும் ஒரு ஜிம்ல ஆறு மாசம் பாக்ஸிங் போனவன். அதனால இதுக்கு யோசிச்சுத்தான் பதில் சொல்லணும்னு தோணுச்சு.

சித்தி சொல்றதுல ஒரு நியாயம் இருக்கு. எம்.எம்.ஏ.ல முழங்கை, முழங்கால், உதை எல்லாம் உண்டு. கீழ விழுந்தவரையும் அடிக்கலாம். யு.எஃப்.சி.யோட முதல் போட்டி 1993ல அமெரிக்காவுல டென்வர் நகரத்துல நடந்தப்போ விதிகளும் ரொம்பக் கம்மி. பார்க்கவே பயமா இருக்கும். ஆனா கண்ணுக்குத் தெரியிற ரத்தத்தை வச்சு மட்டும் ஆபத்தை அளக்க முடியாது.

முதல்ல க்ளவுஸ். எம்.எம்.ஏ.ல ஏறக்குறைய 4 அவுன்ஸ், அதாவது 113 கிராம். தொழில்முறை பாக்ஸிங்ல 8 இல்லன்னா 10 அவுன்ஸ். பெரிய க்ளவுஸ்னா அடி வாங்குறவருக்குப் பாதுகாப்புன்னு நினைப்போம். முகம் கிழியிறது குறையும், உண்மைதான். ஆனா அது முக்கியமா காப்பாத்துறது அடிக்கிறவரோட கையை. வெறுங்கையால மண்டையில ஓங்கிக் குத்தினா விரலெலும்பு உடையும். க்ளவுஸ் இருந்தா அந்தப் பயம் குறையும். அதனால தலையைக் குறிவச்சு திரும்பத் திரும்ப அடிக்கலாம்.

அடி படும்போது உள்ள என்ன நடக்குது? மூளை மண்டையோட்டுக்குள்ள திரவத்துல மிதக்குது. தாடையில பக்கவாட்டுல குத்து விழுந்தா தலை வெடுக்குனு திரும்பும். உள்ள இருக்குற மூளை அதே வேகத்துல திரும்பாது. அந்த முறுக்குலதான் நரம்பு இழைகள் இழுபடுது, சில நேரம் ரத்தக்குழாய் கிழியுது. ஹெட்கார்டு வெட்டுக்காயத்தைக் குறைக்கும். இந்த முறுக்கலை அது பெருசா தடுக்காது.

அடுத்தது, பத்து எண்ணுறது. 1867ல வந்த குவீன்ஸ்பெரி விதிகள்லயே இது இருக்கு. பாக்ஸர் விழுந்து, பத்து எண்ணுறதுக்குள்ள எழுந்தா, ரெஃப்ரி அனுமதிச்சா சண்டை தொடரும். அதாவது மூளை ஏற்கனவே கலங்கின நிலையில இன்னும் அடி வாங்கலாம். எம்.எம்.ஏ.ல இப்படி எண்ணுறது கிடையாது. தடுக்க முடியாம போனா ரெஃப்ரி அங்கயே நிறுத்திடுவார். கழுத்துப்பிடி தாங்கலையா, வீரரே கையால தட்டி ஒதுங்கிடலாம். நேரமும் வேற. எம்.எம்.ஏ.ல வழக்கமா அஞ்சு நிமிஷ ரவுண்டு மூணு, சாம்பியன்ஷிப்னா அஞ்சு. அதுலயும் ஒரு பகுதி மல்யுத்தம் மாதிரி பிடிச்சுப் புரள்றதுல போயிடும். பாக்ஸிங் பட்டப் போட்டி 12 ரவுண்டு, மொத்தம் 36 நிமிஷம். அடி முழுக்க தலைக்கும் உடம்புக்கும்தான்.

முன்னாடி அது 15 ரவுண்டா இருந்துச்சு. 1982 நவம்பர் 13, லாஸ் வேகஸ். கொரியாவோட டக்-கூ கிம்மும் அமெரிக்காவோட ரே மன்சினியும் மோதுறாங்க. 14வது ரவுண்டுல கிம் விழுந்தார். கயித்தைப் பிடிச்சு எழுந்தும் நின்னார். ரெஃப்ரி சண்டையை நிறுத்தினார். கொஞ்ச நேரத்துல கிம் நினைவிழந்தார், மூளையில ரத்தக்கசிவு. நாலு நாள் கழிச்சு இறந்துட்டார். அதுக்கப்புறம்தான் டபிள்யூ.பி.சி. பட்டப் போட்டியை 12 ரவுண்டாக் குறைச்சது. மத்த அமைப்புகளும் பின்னாடி அதையே செஞ்சாங்க.

2015ல கனடாவுல ஆல்பெர்ட்டா பல்கலைக்கழக ஆய்வு ஒண்ணு வெளியாச்சு. 1,181 எம்.எம்.ஏ. வீரர்கள், 550 பாக்ஸர்கள். சண்டை முடிஞ்சதும் டாக்டர் பரிசோதிச்ச பதிவுகள். ஏதாவது ஒரு காயம் பட்டவங்க எம்.எம்.ஏ.ல 59.4 சதவீதம், பாக்ஸிங்ல 49.8. ஆனா நினைவிழந்தவங்க எம்.எம்.ஏ.ல 4.2 சதவீதம், பாக்ஸிங்ல 7.1. காயம் எம்.எம்.ஏ.ல அதிகம், தலைக்குள்ள அடி பாக்ஸிங்ல அதிகம். அதுக்காக எம்.எம்.ஏ. சேஃப்னு நான் சொல்லவே இல்ல. அங்கயும் தலையில அடி விழுது, மூட்டும் போகும்.

நாக்-அவுட் மட்டும்தான் பிரச்சனைன்னும் நினைக்காதீங்க. நம்ம பாஷைல சொன்னா, சின்னச் சின்ன அடி எல்லாம் மெமரி லீக் மாதிரி. அன்னைக்கு எதுவும் க்ராஷ் ஆகாது. வருஷக்கணக்குல சேரும். ரொம்ப நாள் அடி வாங்கின பாக்ஸர்களுக்கு வர்ற தடுமாற்றம், மறதி பத்தி ஹாரிசன் மார்ட்லேண்ட்ங்கிற அமெரிக்க மருத்துவர் 1928லயே எழுதிட்டார். போட்டியை விட தினசரி ஸ்பாரிங்லதான் இந்தக் கணக்கு ஏறும்.

என் கதையும் அதுதான். ஒரு ஸ்பாரிங்ல தாடையில ஒண்ணு வாங்கினேன். ரெண்டு நாள் தலைவலி. நானே எழுதின கோடை ரிவ்யூல விளக்க முடியாம திணறினேன். அந்த நிலைமையில திரும்ப ரிங்குக்குப் போகக்கூடாதுன்னு எனக்கு யாரும் சொல்லல, நானும் கேக்கல. மறுநாளே போயிருந்தேன். இப்ப நினைச்சா பயமா இருக்கு.

அதனால தம்பி, எதுல வேணா சேரு. சேர்றதுக்கு முன்னாடி கோச்கிட்ட மூணு கேள்வி கேளு. வாரத்துல எத்தனை நாள் தலைக்கு அடிக்கிற ஸ்பாரிங்? அடி வாங்கி தலை சுத்தினா அன்னைக்கே நிறுத்துவீங்களா? டாக்டர் ஓகே சொல்லாம திரும்ப ரிங்குல விடுவீங்களா? பதில் சரியா வரலைன்னா வேற ஜிம் பாரு. பேக், பேட், ஸ்கிப்பிங், ஃபுட்வொர்க் இதெல்லாம் போதும், உடம்பு ஏறிடும். நான் இப்ப அது மட்டும்தான் பண்றேன்.

சித்திகிட்டயும் இந்த எபிசோடைப் போட்டுக் காட்டு. அடுத்த வாரம் பார்ப்போம் மக்களே!