ரீலுக்குப் புது நரம்பு சுற்றுவது எப்படி?

வடகிழக்குப் பருவமழையில் நிரம்பிய ஏரிகளில் தண்ணீர் வடியத் தொடங்கியதும், உத்திரமேரூர்ப் பக்கத்துக் கரைகளில் தூண்டிலோடு ஆட்கள் உட்கார்ந்துவிடுவார்கள். மூங்கில் கம்பு, தக்கை, மண்புழு எல்லாம் இன்னும் வழக்கத்தில்தான் இருக்கின்றன. கூடவே, விராலுக்கு ரப்பர் தவளை வீசும் இளைஞர்கள் கையில் ஸ்பின்னிங் ரீலும் வந்துவிட்டது. வீசும்போது நரம்பு கொத்துக்கொத்தாகக் கழன்று சிக்கிக்கொண்டால் உடனே ரீலைக் குறை சொல்கிறோம். பெரும்பாலும் கோளாறு ரீலில் இல்லை, நரம்பைச் சுற்றிய விதத்தில்தான் இருக்கிறது.

எப்போது மாற்றுவது?

நைலான் நரம்பு வெயிலில் கிடந்தால் வலுவிழக்கும். முதல் சில மீட்டரை விரல்களுக்கிடையே உருவிப் பாருங்கள். சொரசொரப்பாக இருந்தாலும், நிறம் வெளுத்திருந்தாலும், முடிச்சு போட்டு வெடுக்கென்று இழுத்ததும் அறுந்தாலும் மாற்றிவிடுங்கள். முழுவதையும் மாற்ற வேண்டும் என்பதில்லை. அடியில் இருக்கும் நரம்பு வெயில் படாமல் நன்றாகவே இருக்கும். மேலே 50, 60 மீட்டரை மட்டும் வெட்டிவிட்டுப் புதியதை இணைத்தால் பாதிச் செலவு மிச்சம்.

எவ்வளவு பிடிக்கும்?

ரீலில் நரம்பு சுற்றும் பகுதியான ஸ்பூலின் மேல் 0.30/150 என்று எழுதியிருந்தால், 0.30 மி.மீ. தடிமனுள்ள நரம்பு 150 மீட்டர் பிடிக்கும் என்று பொருள். தடிமன் கொஞ்சம் கூடினாலும் நீளம் நிறையக் குறையும். அதே ஸ்பூலில் 0.35 மி.மீ. நரம்பு சுமார் 110 மீட்டர்தான் பிடிக்கும். கடையில் வாங்கும் முன் இந்தக் கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள்.

சுற்றும் முறை

நரம்பின் நுனியைக் கம்பிலுள்ள வளையங்கள் வழியே, முனையிலிருந்து ரீலை நோக்கிக் கோத்து வாருங்கள். ஸ்பூலில் கட்டுவதற்கு முன்பே, பெயில் எனப்படும் வளைந்த கம்பியைத் திறந்துவிட வேண்டும். மூடியிருக்கும்போது கட்டினால் கைப்பிடியை எத்தனை முறை சுழற்றினாலும் நரம்பு ஏறாது. அவிழ்த்து மறுபடி கட்ட வேண்டியதுதான்.

நுனியை ஸ்பூலைச் சுற்றிக் கொண்டுவந்து, நீள நரம்பின்மேல் ஒரு சாதாரண முடிச்சு போடுங்கள். நுனியிலேயே இன்னொரு முடிச்சு. நீள நரம்பை இழுத்தால் முதல் முடிச்சு ஸ்பூலோடு இறுகும். அது நழுவிவிடாமல் இரண்டாவது தடுத்துக்கொள்ளும். இறுக்கும் முன் தண்ணீர் தொட்டுக்கொள்ளுங்கள். காய்ந்த முடிச்சு உரசிச் சூடேறி நரம்பைக் கெடுக்கும். இழைகளைப் பின்னிச் செய்த பிரெய்டு நரம்பு என்றால், வழவழப்பான ஸ்பூலில் அது பிடிமானம் இல்லாமல் மொத்தமாகச் சுழலும். அதனால் அடியில் சில மீட்டர் நைலான் நரம்பைச் சுற்றிவிட்டு, அதன்மேல் பிரெய்டைக் கட்டுங்கள்.

முறுக்கு விழுவதுதான் இதில் முக்கியமான விஷயம். ஸ்பின்னிங் ரீலில் நரம்பு ஏறும்போது ஸ்பூல் சுழல்வதில்லை. பெயில்தான் அதைச் சுற்றி வருகிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் நரம்பில் ஒரு முறுக்கு ஏறும். இதைச் சரிக்கட்ட, கடையில் வாங்கிய உருளையைத் தரையில் படுக்க வைத்து, அதன் விளிம்பு வழியாக நரம்பு வளையம் வளையமாகக் கழன்று வரச் செய்யுங்கள். அப்படி வரும் நரம்பிலும் முறுக்கு இருக்கும். அது எதிர்த்திசையில் அமைந்தால் ஒன்றை ஒன்று தீர்த்துவிடும்.

திசை சரியா என்று பார்ப்பது எளிது. பத்துப் பதினைந்து சுற்று ஏற்றியதும் நிறுத்தி, நரம்பைத் தளர விடுங்கள். தொய்ந்து தொங்கினால் சரி. தன்னைத்தானே பின்னிக்கொண்டால் உருளையைப் புரட்டிப் போட்டுத் தொடருங்கள். ஸ்பூலே சுழலும் வகை ரீலுக்கு இந்த முறை பொருந்தாது. அதற்கு உருளையின் துளையில் பென்சிலைச் செருகி, ஒருவர் பிடித்துக்கொள்ள, உருட்டியே ஏற்ற வேண்டும்.

சுற்றும்போது ஈரத்துணியால் நரம்பை மெல்ல அழுத்திப் பிடியுங்கள். தளர்வாக ஏறிய நரம்புதான் பிறகு கொத்தாகக் கழல்கிறது. ஸ்பூலின் விளிம்புக்கு 2, 3 மி.மீ. கீழேயே நிறுத்திவிடுங்கள். அதற்குமேல் நிரப்பினால் சுருள்கள் தாமாகத் துள்ளி விழும். மிகக் குறைவாக இருந்தால் விளிம்பில் உரசி, வீச்சு தூரம் போகாது.

பழைய நரம்பை என்ன செய்வது?

கழற்றிய நரம்பைக் கரையில் போடாதீர்கள். நைலான் மண்ணில் எளிதில் மக்காது. 2022-இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த வேடந்தாங்கலும் கரிக்கிலியும் இங்கிருந்து அதிக தூரமில்லை. அங்கே கூடு கட்டும் நாரைகளும் நீர்க்காகங்களும் சுற்றுவட்டார ஏரிகளில்தான் இரை தேடுகின்றன. காலிலோ அலகிலோ நரம்பு சுற்றிக்கொண்ட பறவை, தானாக அதை அவிழ்த்துக்கொள்ள வழியில்லாமல் செத்துப்போகும்.

உத்திரமேரூரில் 919, 921-ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் ஏரி வாரியத்துக்குக் குடவோலை முறையில் ஆள் தேர்ந்த செய்தியைச் சொல்கின்றன. ஏரியைப் பார்த்துக்கொள்ளத் தனி வாரியமே வைத்திருந்த ஊர் இது. ஆகவே இரண்டு காரியங்களைத் தவறாமல் செய்யுங்கள்: தூண்டில் போடும் முன், அந்த ஏரியின் மீன்பாசி குத்தகை யாரிடம் இருக்கிறது என்று கேட்டு அனுமதி பெறுங்கள், பழைய நரம்பை விரல் நீளத் துண்டுகளாக நறுக்கி, வீட்டுக்கு எடுத்துப் போய்க் குப்பைத்தொட்டியில் போடுங்கள்.