ஏழைச் சிறுவர் கையில் வயலின்

பிள்ளைகளுக்கு உணவு வேண்டும், உடை வேண்டும், கல்வி வேண்டும். இதில் எவரும் மாறுபடார். ஆனால் இசையும் வேண்டுமா என்று கேட்டால் நம்மில் பலர் தயங்குவர். 'கூழுக்கே வழியில்லாத வீட்டுப் பிள்ளைக்கு வயலின் எதற்கு?' என்னும் வினா நியாயமானதாகவே தோன்றும். இவ்வினாவிற்குச் சொல்லால் அன்றிச் செயலால் விடையளித்த ஒரு குருவானவரைப் பற்றி இங்குக் காண்போம்.

இமயத்தின் மடியில்

மேற்கு வங்காளத்தின் வடகோடியில், டார்ஜிலிங் நகருக்கு அப்பால், காலிம்போங் என்னும் மலையூர் உள்ளது. அம்மலைச் சரிவுகளில் சொந்த நிலமின்றிக் கூலி வேலை செய்து பிழைக்கும் குடும்பங்கள் பல. கனடா நாட்டைச் சேர்ந்த இயேசு சபைக் குருவான அருட்தந்தை எட்வர்டு மெக்குவயர் 1993-ஆம் ஆண்டில் அங்கு ஒரு பள்ளியைத் தொடங்கினார். அதற்குக் 'காந்தி ஆசிரமப் பள்ளி' என்று பெயரிட்டார். 1606-இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி அடிகளாரைப் போன்ற இயேசு சபையாரை அறிந்த நமக்கு, தொலைதூரத்திலிருந்து வந்து மக்களோடு கலந்த ஒரு குருவின் கதை புதிதன்று. புதிது யாதெனில், அவர் அப்பிள்ளைகளின் கையில் கொடுத்த கருவியே.

பரம ஏழைகளின் பிள்ளைகளே அப்பள்ளியில் சேர்க்கப்பட்டனர். கட்டணம் இல்லை, பள்ளியிலேயே உணவும் அளிக்கப்பட்டது. பசித்த வயிற்றோடு பாடம் ஏறாது என்பதை அவர் நன்கறிந்திருந்தார். அதனோடு, சிறு வயதிலேயே ஒவ்வொரு பிள்ளைக்கும் வயலின் கற்பிக்கப்பட்டது. இடக்கை விரல்கள் தந்தியின்மேல் ஒரு வேலை செய்ய, வலக்கை வில்லைக் கொண்டு வேறொரு வேலை செய்ய, செவி இரண்டையும் கண்காணிக்க வேண்டும். இப்பயிற்சி மூளையைக் கூர்மையாக்கும், மற்றப் பாடங்களையும் எளிதாக்கும் என்பது அவரது உறுதியான நம்பிக்கை. எனவே, இசை அங்குப் பொழுதுபோக்காகவோ, நன்கு படித்தவர்க்குப் பரிசாகவோ வைக்கப்படவில்லை. கல்வியின் அடித்தளமாகவே வைக்கப்பட்டது.

ஆசிரியரின் அன்றாடப் பணி

ஒரு பிள்ளைக்கு வயலின் கற்பிப்பது ஒரு வேலை. நாற்பது பிள்ளைகளைச் சேர்ந்து வாசிக்கச் செய்வது முற்றிலும் வேறு வேலை. சிறுவரின் கைக்கு முழு வயலின் பொருந்தாது. ஆகையால் கால், அரை, முக்கால் என்று சிறிய அளவுகளிலும் வயலின்கள் செய்யப்படுகின்றன. பிள்ளை வளர வளரக் கருவியும் மாற வேண்டும். மழைக்காலத்து ஈரத்தில் மரம் ஊதும், பிருடைகள் இறுகும், ஒட்டிய மூட்டுகள் விட்டுப்போகும். தந்தி அறுந்தால் மாற்றுத் தந்திக்குப் பெருநகரையே நோக்க வேண்டும். இத்தனையையும் சமாளித்த பின்னரே இசை பிறக்கும்.

முதலில் ஒருவர் ஒரு சுரத்தை வாசிப்பார். ஏனையோர் அதனைக் கேட்டுத் தம் தந்திகளைச் சேர்த்துக்கொள்வர். பின்னர் எல்லா வில்லும் ஒரே திசையில் ஏறி இறங்க வேண்டும். ஒரு பகுதியார் வாசிக்கும்பொழுது மற்றொரு பகுதியார் எண்ணிக்கொண்டு காத்திருக்க வேண்டும். நன்கு வாசிக்கும் பிள்ளை தன் ஓசையைக் குறைத்து, பின்தங்கிய பிள்ளைக்கு இடம் கொடுக்க வேண்டும். தான் வாசித்துக்கொண்டே பிறர் வாசிப்பதையும் கேட்பது. இதுவே இசைக்குழு ஆசிரியர் கற்பிக்கும் தலையாய பாடம். நம் யானைமலை அடிவாரத்துத் திருவிழாக்களில் நாதஸ்வரக்காரரின் மூச்சைக் கேட்டுத் தவில்காரர் கையை இறக்குவதும் இதே பாடந்தான். பல கருவிகள் கூடி ஒலிப்பதற்குப் 'பல்லியம்' என்று சங்க காலத்திலேயே தமிழர் பெயரிட்டிருந்தனர்.

காலிம்போங்கில் மூத்த மாணவர் இளையோருக்குக் கற்பித்தனர். அப்பிள்ளைகளைப் பற்றி ஆவணப்படமும் எடுக்கப்பட்டது. அங்குப் பயின்ற மாணவி ஒருவர் ஜெர்மனியின் மியூனிக் நகர் வரை சென்று வயலின் கற்றார். எனினும், எல்லாரும் இசைக் கலைஞர் ஆகிவிடவில்லை. ஆக வேண்டும் என்பதும் நோக்கமன்று. 'உன்னால் இயலாது' என்று பிறந்த நாள்முதல் கேட்டு வளர்ந்த பிள்ளை, கடினமான ஒன்றைத் தன் கையாலேயே செய்து காட்டியதே அங்கு நிகழ்ந்த பெரும் மாற்றம்.

முன்னோடிகள்

குருவானவர் ஒருவர் ஆதரவற்ற பிள்ளைகளுக்கு வயலின் கற்பித்தது இது முதன்முறையன்று. இத்தாலியின் வெனிஸ் நகரில் 1703-இல் குருப்பட்டம் பெற்ற அந்தோனியோ விவால்டி, அவ்வாண்டிலேயே கைவிடப்பட்ட குழந்தைகளை வளர்க்கும் 'பியெத்தா' இல்லத்தில் வயலின் ஆசிரியரானார். அவ்வில்லத்துச் சிறுமியரின் இசையைக் கேட்க ஐரோப்பாவின் பல திசைகளிலிருந்தும் மக்கள் வந்தனர். 1709-இல் நிர்வாகிகள் வாக்கெடுத்து, ஏழுக்கு ஆறு என்ற கணக்கில் அவரை வேலையினின்று நீக்கினர். 1711-இல் ஒருமனதாய் மீண்டும் அழைத்தனர். 1741-இல் வியன்னாவில் அவர் வறுமையில் இறந்தார். அவருடைய கையெழுத்துப் பிரதிகள் பல, 1926-இல் இத்தாலியில் ஒரு சலேசியப் பள்ளியில் கண்டெடுக்கப்பட்டன. ஆசிரியரின் உழைப்பு மறக்கப்படலாம், மறைவதில்லை.

நம் நாட்டிலும் சான்று உண்டு. 'கருணாமிர்த சாகரம்' என்னும் பெருநூலை 1917-இல் வெளியிட்ட ஆபிரகாம் பண்டிதர், திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்ற நாட்களில்தான் வயலின் கற்றார். ஆசிரியராகப் போகும் ஓர் இளைஞனின் கையில் ஏறிய வில், தமிழிசை ஆராய்ச்சிக்கே வழிகோலிற்று.

நாம் செய்யத்தக்கது

அன்பார்ந்த பெற்றோரே! தேர்வு நெருங்கினால் நம் இல்லங்களில் முதலில் நிறுத்தப்படுவது இசை வகுப்பே. மதிப்பெண் தேவைதான், அதனை எவரும் மறுக்கவில்லை. ஆயினும், பிறர் குரலைக் கேட்டுத் தன் குரலை அடக்கவும், முறை வந்தபோது அஞ்சாமல் எழுப்பவும் தெரியாத பிள்ளை, மதிப்பெண்ணை மட்டும் வைத்துக்கொண்டு குடும்பத்தை எவ்வாறு நடத்தும்?

நம் பாடகர் குழுக்களில் ஆர்மோனியம் உண்டு, கீபோர்டு உண்டு. பல வீடுகளில் பாட்டனார் வாசித்த வயலின் பெட்டிக்குள் உறங்குகிறது. அதனைத் தட்டியெழுப்பித் தந்தி மாற்றிப் பங்கிலுள்ள ஓர் ஏழைச் சிறுவனிடம் கொடுங்கள். இசை அறிந்தவர்கள் வாரத்தில் ஒரு மணி நேரத்தை ஒதுக்குங்கள். தொடக்கத்தில் கீச்சொலிதான் கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். அதனைப் பொறுக்கும் செவியே இசை ஆசிரியரின் முதல் தகுதி. காலிம்போங் மலையிலும் தொடக்கத்தில் கேட்டது கீச்சொலிதான்.