வுட் பஃபலோவின் இரவு

வனத்துக்கும் வனவிலங்குகளுக்கும் எல்லை வகுத்துக் காவல் போடுவது எல்லாத் தேசத்தாரும் அறிந்த காரியமே. ஆனால் இரவின் இருளையே ஒரு செல்வமாக மதித்து, அதற்குச் சேதம் நேராதபடி விதிகள் வகுத்து, ஒரு ராஜ்யம் அளவுக்கு விரிந்த பூமியை அதன் பொருட்டுப் பேணி வருவதைக் காண விரும்புகிறவர்கள் கனடாவின் வடபாகத்தை நோக்க வேண்டும். ஆல்பர்ட்டா மாகாணத்திலும் அதற்கு வடக்கேயுள்ள வடமேற்குப் பிரதேசத்திலுமாகப் பரந்து கிடக்கும் வுட் பஃபலோ தேசியப் பூங்கா, ஏறக்குறைய 44,800 சதுர கிலோமீட்டர் பரப்புள்ளது. சுவிட்சர்லாந்து தேசம் முழுவதையும் அதற்குள் வைத்தாலும் இடம் மிச்சமிருக்கும். அருகிக்கொண்டிருந்த பைசன் எருதுகளைக் காப்பதற்காக 1922-இல் ஏற்பட்ட இந்தப் பூங்காவை, கனடாவின் ராயல் வானியல் சங்கம் 2013-இல் இருள்வானக் காப்பகமாக அங்கீகரித்தது. இத்தகைய காப்பகம் அந்தத் தேசத்தில் முதன்முதலாக ஒன்டாரியோவின் டோரன்ஸ் பாரன்ஸில் 1999-இல் தோன்றியது. பின்னர் ராக்கி மலைகளிலுள்ள ஜாஸ்பர் பூங்காவும் 2011-இல் சேர்ந்தது. பரப்பில் இவை எல்லாவற்றையும் விஞ்சி நிற்பது வுட் பஃபலோ.

விதிகள் என்னவோ எளியவைதான். அவசியமான இடத்தில் மட்டும் விளக்கு. அதுவும் தலைக்கு மேல் மூடியுடன், ஒளி தரையை நோக்கி மாத்திரம் விழும்படி. நீலம் கலந்த வெண்மை தவிர்த்து மஞ்சள் சாயல் கொண்டதாக. வானநூலாரின் சௌகரியத்துக்காக மட்டுமே இந்த ஏற்பாடு என்று எண்ணிவிடக் கூடாது. பூங்காவின் குகைகளில் குளிர்காலம் முழுவதும் உறங்கி, கோடை இரவுகளில் பூச்சி தேடிப் பறக்கும் வௌவால்களுக்கும், ஆந்தைகளுக்கும், விளக்கைக் கண்டால் வழிமயங்கிச் சுற்றிச் சுற்றிச் சாகும் விட்டில்களுக்கும் இருள் என்பது ஜீவனத்துக்கே ஆதாரம். தண்ணீரைப் போல இருளையும் அவை நம்பியிருக்கின்றன என்பதை மனிதன் உணர இத்தனை காலம் ஆயிற்று.

பூங்காவின் வாயிலாக விளங்கும் ஃபோர்ட் ஸ்மித், 60-ஆம் அட்சரேகையை ஒட்டிய சிற்றூர். ஆகவே கன்னியாகுமரியில் அடிவானத்துக்கு மேல் எட்டுப் பாகை உயரத்தில் மங்கித் தெரியும் துருவ நட்சத்திரம், அங்கே வானத்தின் மூன்றில் இரண்டு பங்கு உயரம் ஏறி நிற்கிறது. அதைச் சுற்றி வரும் சப்தரிஷி மண்டலம் ஒருபொழுதும் அஸ்தமிப்பதில்லை. அதற்கு விலைபோலும், நம் தெற்கு வானத்தில் ஜொலிக்கும் அகஸ்திய நட்சத்திரம் அவ்வூராருக்கு ஆயுள் முழுவதும் உதயமாவதே இல்லை. இன்னொரு விசித்திரம்: கோடை நடுவில் அங்கே நட்சத்திரம் பார்க்கப் போகிறவர் ஏமாந்து திரும்ப நேரிடும், ஏனெனில் அப்போது சூரியன் அடிவானத்துக்குக் கீழே சற்றே ஒதுங்கி நிற்பதால் அந்தியும் வைகறையும் ஒன்றோடொன்று கலந்து, முழு இருட்டு என்பதே வாய்க்காது. ஆகஸ்டு மாதத்தில் இரவு மறுபடியும் கறுக்கத் தொடங்கும். ஊரார் இருள்வானத் திருவிழா நடத்துவதும் அந்த மாதத்தில்தான். அங்கே கையில் சிவப்பு விளக்கை மட்டுமே அனுமதிப்பார்கள். இருட்டுக்குக் கண் முழுவதும் பழக இருபது முப்பது நிமிஷம் பிடிக்கும், வெள்ளை வெளிச்சம் ஒரு க்ஷணம் பட்டால் அத்தனையும் வீண். அவ்வாறு பழகிய கண்ணுக்கு, 25 லட்சம் ஒளியாண்டுத் தொலைவிலுள்ள ஆண்ட்ரோமெடா மண்டலம்கூடக் கருவி எதுவும் இன்றியே மங்கிய திட்டாகப் புலனாகும்.

எனினும் ஜனங்கள் வருவது பெரும்பாலும் துருவ ஜோதியைக் காணத்தான். சூரியனிலிருந்து இடைவிடாது வீசும் மின்துகள்களைப் பூமியின் காந்தமண்டலம் தடுத்து ஒதுக்குகிறது. அத்துகள்களின் வேகத்தால் காந்தரேகைகள் பூமியின் இரவுப் பக்கத்தில் வெகுதூரம் நீண்டு, கடைசியில் இழுத்துப் பிடித்த வில்நாண் அறுந்தாற்போலத் தெறித்து மீண்டும் இணையும்போது, எலெக்ட்ரான்கள் துருவங்களைச் சூழ்ந்த ஒரு வளையத்தை நோக்கி எறியப்படுகின்றன. சுமார் 100 முதல் 200 கிலோமீட்டர் உயரத்தில் பிராணவாயுவின் அணுக்கள் அவற்றால் தாக்குண்டு பச்சை ஒளி விடுகின்றன. அதற்கும் மேலே அதே பிராணவாயு சிவப்பாக ஒளிர்கிறது. கீழ் விளிம்பில் எப்போதாவது காணும் இளஞ்சிவப்பும் ஊதாவும் நைட்ரஜனின் வேலை. சிவப்பு ஒளியை வெளிவிட ஓர் அணுவுக்கு ஏறக்குறைய இரண்டு நிமிஷம் வேண்டும். காற்று அடர்ந்த கீழ்ப்பகுதியிலோ அதற்குள் வேறு அணுக்கள் மோதி அந்தச் சக்தியைக் கவர்ந்துவிடுகின்றன. அதனால்தான் சிவப்பு உயரத்தில் மட்டும் தங்குகிறது. நார்வே தேசத்து விஞ்ஞானி பிர்க்லாண்ட், காற்று நீக்கிய பேழைக்குள் ஒரு காந்தக் கோளத்தை வைத்து எலெக்ட்ரான்களைப் பாய்ச்சி, இந்தக் கூத்தைச் சிறு அளவில் நடத்திக் காட்டியது இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில்.

விஞ்ஞானம் இவ்வாறு விளக்குவதற்கு வெகுகாலம் முன்பே, 1770-72-இல் சிப்பவையன் மக்களுடன் இப்பிரதேசங்களில் பிரயாணம் செய்த சாமுவேல் ஹெர்ன், அம்மக்கள் இந்த ஜோதியை மான்களோடு தொடர்புபடுத்தியதைத் தம் பிரயாண நூலில் பதிவு செய்திருக்கிறார். இருட்டில் மான்தோலின் ரோமத்தை வேகமாகத் தடவினால் மின்பொறி பறக்கும் என்பது அவர்களுடைய அனுபவம். ஆகவே ஜோதி மிகுந்தால் வானத்தின் அந்தப் பாகத்தில் மான்கள் மிகுதி என்று கொண்டார்கள். மின்சாரத்தின் சம்பந்தத்தை அவர்கள் ஊகித்த விதத்தை எண்ணினால் வியப்பாகத்தான் இருக்கிறது.

ஜோதி தோன்றாத இரவை நஷ்டக் கணக்கில் எழுதிக்கொண்டு திரும்பும் யாத்திரிகர்களிடம் எனக்குக் கொஞ்சம் மனஸ்தாபம் உண்டு. பிரகாசமான துருவ ஜோதி, தெருவிளக்குகள் நிறைந்த யெல்லோநைஃப் நகரத்திலும் நன்றாகத் தெரியும். அதற்கு இத்தனை பெரிய காப்பகம் தேவையில்லை. ஆகாச கங்கையும் மங்கிய நெபுலாக்களுமே அந்த இருளால் மட்டும் கிட்டுபவை. தொலைநோக்கியோடு வந்தவர்களோ, ஜோதி பரவி நட்சத்திரங்களை விழுங்குவதைக் கண்டு முணுமுணுப்பதும் உண்டு!

நம் நாட்டவர்க்கும் இவ்விஷயம் அந்நியமன்று. சென்னை வானாய்வகத்தையும் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தையும் மூதாதையராகக் கொண்ட இந்திய வான்இயற்பியல் நிறுவனம், லடாக்கின் ஹான்லே பீடபூமியில் ஓர் ஆய்வகம் நடத்துகிறது. அதைச் சூழ்ந்த 1,073 சதுர கிலோமீட்டர் 2022-இல் இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. 2024 மே மாதத்தில் சூரியனிலிருந்து கிளம்பிய பெரும் காந்தப் புயலின்போது, அவ்வளவு தெற்கேயிருந்தும் ஹான்லேயின் கருவிகள் வடதிசையில் செந்நிற ஜோதியைப் படம் பிடித்தன. தொலைவிலுள்ள ஜோதியின் சிவந்த மேற்பாகம் மட்டும் அடிவானத்துக்கு மேல் எட்டிப் பார்த்ததே அந்த நிறத்துக்குக் காரணம். அங்குள்ள கிராமத்தார் இரவில் ஜன்னல்களுக்குக் கனத்த திரையிட்டு, வண்டிகளின் முகவிளக்கைத் தாழ்த்தி ஓட்டுகிறார்கள். அவர்களில் பயிற்சி பெற்ற ஆண்களும் பெண்களும் தங்கள் முற்றங்களில் தொலைநோக்கியை நிறுத்தி, வருகிற விருந்தினருக்குச் சனிக்கிரகத்தின் வளையத்தைக் காட்டுகிறார்கள்.