குழாயின் விட்டமும் விலைப் பட்டியலும்

கேரள மாநிலத்தின் தென்கோடியிலுள்ள தாலுகா நெய்யாற்றின்கரை. அதன் எல்லையில், பாறசாலையைத் தாண்டியதும் களியக்காவிளை. அங்கிருந்து தமிழ்நாடு தொடங்குகிறது. 1956 நவம்பர் 1-ல் மாநிலங்கள் திருத்தி அமைக்கப்பட்டபோது விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எனினும் நிலத்தின் இயல்பு இருபுறமும் ஒன்றே. வெட்டுக்கல் மேடுகளும், அவற்றினிடையே ஏலா எனப்படும் வயற்பள்ளங்களும் மாறி மாறி வருகின்றன. வீடுகள் ஓரிடத்தில் நெருங்கியிராமல், மேட்டுச் சரிவுகளில் தத்தம் தோட்டங்களின் நடுவே தனித்தனியே அமைந்துள்ளன. நெடுங்காலம் கிணறே அவற்றின் நீராதாரமாக இருந்தது. கிராம வீடு ஒவ்வொன்றுக்கும் குழாய் வழியே ஆளொன்றுக்கு நாள்தோறும் 55 லிட்டர் நீர் அளிப்பதென 2019-ல் ஜல் ஜீவன் திட்டம் அறிவிக்கப்பட்டது. சிதறிக் கிடக்கும் இத்தகைய ஊர்களில் குழாயின் நீளம் மிகுதி. ஆகவே விட்டத்தைத் தெரிந்தெடுப்பதில் நேரும் சிறு பிழையும் பெருஞ் செலவாகும்.

ஒரு மேட்டில் 250 வீடுகள், 1,000 மக்கள் என்று கொள்வோம். நாளொன்றுக்கு வேண்டியது 55,000 லிட்டர். காலையில் எல்லாரும் ஒரே வேளையில் குழாயைத் திறப்பதால், சராசரியைப் போல் மும்மடங்கு ஓட்டத்துக்கு, அதாவது விநாடிக்கு ஏறத்தாழ 1.9 லிட்டருக்கு, ஏற்பாடு செய்ய வேண்டும். ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள பி.வி.சி. குழாயில் இந்நீர் செல்கையில், உள்விட்டம் 80 மி.மீ. ஆனால் உராய்வினால் இழக்கும் அழுத்தம் 2 மீட்டர் உயரத்துக்குச் சமம், 60 மி.மீ. ஆனால் 9 மீட்டர், 50 மி.மீ. ஆனால் 21 மீட்டர். குழாய் சிறுத்தால் விலை குறையும். ஆனால் மேட்டு வீட்டுக்கு நீர் ஏறாது, அல்லது தொட்டியை உயர்த்திக் கட்ட வேண்டிவரும்.

இவ்விரண்டையும் ஒப்பிட்டு மிகக் குறைந்த செலவுள்ள அமைப்பைக் காணும் வேலையை இக்காலத்தில் கணிப்பொறி ஏற்றுள்ளது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் 1993-ல் வெளியிட்ட ஈபாநெட் என்ற மென்பொருள் ஓட்டத்தையும் அழுத்தத்தையும் கணக்கிடும்; பம்புக்காகும் மின்செலவையும் கூறும்; குழாய்க்கு விலை கேட்காது. பம்பாய் இந்தியத் தொழில்நுட்பக் கழகம் கிராமக் குடிநீர்த் திட்டங்களுக்கென உருவாக்கிய ஜல்தந்திரா கேட்கும். கிடைக்கும் ஒவ்வொரு விட்டத்துக்கும் மீட்டர் விலையையும், மேல்நிலைத் தொட்டியின் கொள்ளளவுக்கேற்ற செலவையும் அதற்குத் தர வேண்டும். ஒரே கிளையில் பாதித் தொலைவுக்குப் பெரிய குழாயும் மீதிக்குச் சிறியதுமாகப் பிரித்துக் காட்டவும் அது வல்லது. எனினும் அதன் முடிவு முழுவதும் கொடுத்த பட்டியலைப் பொறுத்தது.

பட்டியலில் எது கெட்டால் முடிவு கெடும் என்பது பலரும் எண்ணுவதற்கு மாறானது. எல்லா விலைகளும் ஒரே விகிதத்தில் ஏறினால் மொத்தச் செலவுதான் கூடும். குழாய்த் தேர்வு பெரும்பாலும் மாறாது. பள்ளம் தோண்டும் கூலி எல்லா விட்டங்களுக்கும் சமமாயின் அதுவும் தேர்வை மாற்றாது. கேடு விளைவிப்பது வெவ்வேறு காலத்து விலைகள் கலந்த பட்டியலே. 63 மி.மீ. குழாய் மீட்டருக்கு 100 அலகு, 90 மி.மீ. குழாய் 190 அலகு எனில் வேறுபாடு 90. இரண்டும் ஐந்திலொரு பங்கு ஏறினால் வேறுபாடு 108. பெரிய குழாயின் விலையை மட்டும் திருத்திவிட்டுச் சிறியதை மறந்தால் அது 128 ஆகிவிடும். உடனே கணிப்பொறி பெரிய குழாயை வெறுத்துச் சிறியதை நீட்டும். இழந்த அழுத்தத்தைத் தொட்டியின் உயரத்தில் தேடும். பி.வி.சி. விலை பெட்ரோலியப் பொருள்களோடும், வார்ப்பிரும்புக் குழாயின் விலை இரும்போடும் ஏறி இறங்குவதால் இக்கலப்பு எளிதில் நேர்கிறது.

பெயரிலும் ஒரு பொறி உண்டு. பி.வி.சி. குழாய் வெளிவிட்டத்தால் பெயர் பெறுகிறது, 90 மி.மீ. குழாயின் உள்விட்டம் அழுத்த வகுப்புக்கேற்ப மாறி, 80-ஐ ஒட்டி நிற்கும். வகுப்பு உயர உயரச் சுவர் தடிக்கும், விலை கூடும், நீர் செல்லும் வழியோ சுருங்கும். ஆகவே வகுப்பைக் குறிக்காத விலை பயனற்றது.

எல்லைக் கிராமங்களில் இவற்றோடு இன்னுமொன்று சேருகிறது. 1971-ல் அமைந்த தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்குத் தனி விலைவிகிதப் பட்டியல் உண்டு. கேரளத்திலோ டில்லி விலைவிகிதப் பட்டியலை அடிப்படையாகக் கொண்டு, இடத்துக்கேற்ற குறியீட்டெண்ணால் திருத்தி மதிப்பிடும் வழக்கம் உள்ளது. அதற்கென தேசியத் தகவலியல் மையம் அமைத்த பிரைஸ் என்னும் மென்பொருளும் உண்டு. கூலி, ஏற்றுச்செலவு, வரி ஆகியவை இவ்விரு பட்டியல்களிலும் ஒரே விதமாக அடங்கியிருக்குமென்று கொள்ளலாகாது. பாறசாலைக்குரிய கணக்கில் களியக்காவிளைக்கு அப்பாலுள்ள வாரியத்தின் வால்வு விலையை அப்படியே எழுதினால், கூட்டல் சரியாயிருந்தும் ஒப்பீடு பிசகும். முன்னர் அமரவிளைச் சோதனைச் சாவடியைக் கடந்துவந்த சரக்கின் வரிநிலை வேறு. 2017 ஜூலை 1-ல் சரக்கு சேவை வரி வந்தபின் வேறு. பழைய கோப்பிலிருந்து எடுத்த விலையில் எந்த வரி அடங்கியது என்று கேட்டே தீரவேண்டும்.

ஆகவே தேர்ந்த அலுவலகங்களில் ஒவ்வொரு விலையின் பக்கத்திலும் ஆறு செய்திகள் பதிவாகும்: பட்டியலின் பெயர், ஆண்டு, குழாய் வகுப்பு, உள்விட்டம், வரி சேர்ந்ததா என்பது, பதிக்கும் கூலி சேர்ந்ததா என்பது. முழங்கை, டீ, வால்வு ஆகியவற்றை மீட்டர் விலையில் சதவீதமாகக் கலக்காமல் எண்ணிக்கையாகத் தனியே வைப்பது நலம். வளைவும் மேடும் மிகுந்த ஏலா ஓரங்களில் அவற்றின் எண்ணிக்கை சமதளத்தில் உள்ளதைவிடக் கூடுதலாகும். ஒப்பந்தம் கோருமுன் விலைகளைப் புதுப்பித்து, கணக்கை மறுபடியும் ஓட்டி, எந்தக் கிளையில் விட்டம் மாறியது என்று பார்க்கிறார்கள். மாறிய கிளை மேட்டு வீடுகளுக்குச் செல்வதாயின், அங்கு எஞ்சும் அழுத்தத்தைக் கையாலும் ஒருமுறை சரிபார்க்கிறார்கள்.