கடலைத் தள்ளிய ஆறு

பொதிகையின் பூங்குளத்திலே தோன்றி, பாணதீர்த்தத்தில் அருவியாய்க் குதித்து, பாபநாசத்திலே சமவெளியைத் தொட்டு, புன்னைக்காயலுக்கு அருகே மன்னார் வளைகுடாவில் சங்கமமாகும் தாமிரபரணிக்கு, அயல் ராஜ்யங்களின் தயவை எதிர்பார்த்து நிற்க வேண்டிய நிர்ப்பந்தம் என்றுமே இருந்ததில்லை. ஏறக்குறைய 125 கிலோமீட்டர் தொலைவுக்குள்ளேயே அதன் ஜனனமும் சமுத்திரப் பிரவேசமும் முடிந்துவிடுகின்றன. ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவக்காற்றும், ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்றும் மாறிமாறி மலையை நனைப்பதால், கார் என்றும் பிசானம் என்றும் இருபோகம் விளையும் பாக்கியம் இப்பிரதேசத்துக்கு வாய்த்தது. கோடைமேலழகியான் தொடங்கி மருதூர் வரையிலான ஏழு அணைக்கட்டுகளும், ஆங்கிலேயர் காலத்தில் எட்டாவதாக எழுந்த ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டும் அதற்குத் துணை நின்றன.

எனினும் இவ்வாற்றின் மகத்தான காரியம் வயலில் நிகழ்ந்ததன்று, கடலோரத்தில் நிகழ்ந்தது. பாண்டியரின் முத்துத் துறைமுகமாய் யவனரும் அறிந்திருந்த கொற்கைக்கு இன்று செல்பவர் அங்கே கடலைக் காணமாட்டார். வாழைத் தோட்டங்களும், குளமும், குளத்தின் நடுவே அம்மன் கோயிலும், முதிர்ந்த வன்னிமரம் ஒன்றுமே கண்ணுக்குத் தென்படும். அலையோசை கேட்க வேண்டுமானால் இன்னும் 6, 7 கிலோமீட்டர் கிழக்கே நடக்க வேண்டும். 1881இல் திருநெல்வேலிச் சரித்திரத்தை வெளியிட்ட கால்டுவெல் பாதிரியார், அதற்குச் சில ஆண்டுகள் முன்னர் இங்கே மண்ணைத் தோண்டியபோது, வண்டலுக்குக் கீழே சிப்பித்துகள் கலந்த கடல்மணல் வெளிப்பட்டது. மலையிலிருந்து வெள்ளந்தோறும் வந்திறங்கிய வண்டலே கடலைப் பின்னுக்குத் தள்ளிற்று என்பதற்கு இதைவிடப் பிரத்தியட்சமான சாட்சி வேறென்ன வேண்டும்? கொற்கை தூர்ந்தபின் வணிகர் கடலைத் தொடர்ந்து காயலுக்குப் போயினர். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ அங்கே கண்டது, அரபு நாட்டுக் குதிரைகள் வந்திறங்கிய செழிப்பான பட்டினம். ஆறு அதையும் விடவில்லை. பழையகாயல் என்ற பெயரை மட்டும் அவ்வூருக்கு வைத்துவிட்டு, துறைமுகம் புன்னைக்காயலுக்கு நகர்ந்தது. மூன்று பட்டினங்களின் தலைவிதியை நிர்ணயித்தது எந்த அரசனின் படையுமன்று, ஆறு கொணர்ந்த இந்த மணல்தான்.

அந்த மணலைத்தான் நாம் இரவும் பகலுமாக வண்டிகளில் ஏற்றி அனுப்பியிருக்கிறோம் என்பதை நினைக்கையில் நெஞ்சு பதைக்கிறது. வீடு கட்டுவோருக்கு மணல் அவசியம் என்று கூறுவோர் உண்டு; அதில் ஓரளவு நியாயம் இருக்கலாம். ஆனால் மேலே பாபநாசத்திலும் மணிமுத்தாற்றிலும் அணைகளைக் கட்டி, புதிதாய் வரும் மணலைத் தேக்கத்துக்குள்ளேயே தங்கவிட்டோம். கீழே, ஆயிரமாயிரம் ஆண்டுகளாய்ச் சேர்ந்திருந்ததை அள்ளிவிட்டோம். வரவை நிறுத்திவிட்டு முதலைச் செலவழிக்கும் குடும்பத்தின் கதி இவ்வாற்றுக்கும் நேர்ந்திருக்கிறது. மணற்படுகையின் பயன் மேலோட்டமாய்ப் பார்ப்போருக்கு விளங்காது: வெள்ளம் வடிந்த பிறகும் நீரைத் தன் இடுக்குகளிலே பிடித்துவைத்து, கோடையிலே உறைகிணறுகளுக்குச் சிறுகச் சிறுகக் கசியவிடுவது அதுவே. படுகை தாழ்ந்தால் கால்வாயின் வாய்மடை ஆற்றுக்கு மேலே அந்தரத்தில் நின்றுவிடும். ஆற்றிலே நீர் ஓடும், கால்வாயிலே ஏறாது.

அதனினும் கொடியது ஸ்ரீவைகுண்டத்துக்குக் கீழே நிகழக்கூடியது. முகத்துவாரத்தை அடுத்த நிலத்தில் உப்புநீரை எதிர்த்து நிற்பவை இரண்டே: இடைவிடாது கடலை நோக்கி ஓடும் நன்னீரும், உயர்ந்து கிடக்கும் மணலும். இரண்டும் ஒருங்கே குறைந்தால், முன்பு ஆற்றுக்கு இடங்கொடுத்து விலகிய கடல், தோண்டிய பள்ளங்களின் வழியே உள்ளே ஏறி வரும். அப்பகுதியிலுள்ள ஆத்தூரின் கொடிக்கால்களைப் பார்த்தவர்களுக்கு என் அச்சம் புரியும்; அகத்திமரத்தின் நிழலிலே, ஈரம் வற்றாத பாத்திகளிலே, கையளவு இலை விரித்துப் படரும் அந்த வெற்றிலைக்கொடி, கிணற்றுநீர் கரித்துப்போனால் பிழைக்காது.