ஏரியில் மீன் செத்தால் எந்த நேரத்துத் தண்ணீரைப் பார்ப்பது?

போன ஆவணியில் நாலு நாள் தொடர்ந்து மூடலாக இருந்தது. ஐந்தாம் நாள் விடியற்காலை எங்கள் ஊர்ச் சின்ன ஏரியில் கட்லாவும் ரோகுவும் வெள்ளை வெள்ளையாக மிதந்தன. "மேலத்தெருக்காரன் நெல்லுக்கு மருந்து அடிச்சான், அதான்" என்று குத்தகைக்காரர் சத்தம் போட்டார். கைகலப்பு ஆகாத குறைதான். நானும் அதையே நம்பினேன். நமக்குத்தான் மருந்து என்றாலே சந்தேகம் முந்திக்கொண்டு வருமே!

மதியம் வெயில் வந்த பிறகு, கருவி வைத்திருந்த ஒரு நண்பர் அளந்தார். லிட்டருக்கு 8 மில்லிகிராம் ஆக்சிஜன். "ஆக்சிஜன் தாராளம், அப்போ விஷம்தான்" என்றார்கள். தப்பு அங்கேதான்.

முப்பது வருஷம் வங்கியில் கணக்குப் பார்த்தவன், அந்தப் பாஷையிலேயே சொல்கிறேன். பச்சைப்பாசி பகல் வெயிலில் ஆக்சிஜனை வரவு வைக்கிறது. ராத்திரி பாசி, மீன், அடிச்சேறு எல்லாம் சேர்ந்து செலவழிக்கின்றன. மூடலான நாளில் வரவு குறைவு, செலவு மட்டும் அப்படியே. இருப்பு அடிமட்டத்தில் இருப்பது விடியும் முன்தான். மறுநாள் ஐந்து மணிக்கு டார்ச்சோடு போய் அளந்தோம். 1 மில்லிகிராம்கூட இல்லை. மீன் வாழ 4 வேண்டும் என்கிறது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தர அளவு.

கருவி இல்லையென்றால் அலங்கார மீன் கடையில் சோதனை கிட் கிடைக்கும். புட்டியில் காற்றுக்குமிழி இல்லாமல் கரையிலேயே சோதிக்கணும். வண்டியில் கொண்டுபோனால் அளவு மாறிவிடும்.

செத்தது எது என்பதும் பெரிய தடயம். எங்கள் ஏரியில் விரால் ஒன்றுகூடச் சாகவில்லை. அது மேலே வந்து காற்றையே சுவாசிக்கும். ஆக்சிஜன் குறைந்தால் பெரிய மீன்கள் விடியலில் வாயைப் பிளந்து மேலே தவிக்கும். விராலும் இறாலும் தண்ணீர்ப் பூச்சியும் தவளையும் நேரம் பாராமல் சேர்ந்து செத்தால், அப்போது மருந்தைச் சந்தேகப்படுங்கள். தண்ணீரைக் கண்ணாடிப் புட்டியிலும், அழுகாத மீனைப் பனிக்கட்டியிலும் வைத்து அன்றைக்கே ஆய்வகத்துக்கு அனுப்பணும். காரணம் தெரியும்வரை அந்த மீனைச் சமைக்க வேண்டாம், நாய்க்கும் போட வேண்டாம்.

சாயங்காலம் கார அமில நிலையையும் பாருங்கள். பாசி மிகுந்தால் 9க்கு மேல் ஏறும். அப்போது தண்ணீரில் இருக்கும் அம்மோனியா மீனுக்குக் கடும் விஷமாகிவிடும்.

பாசனத்துக்கு இந்தத் தண்ணீர் ஆகுமா என்று நிறையப் பேர் கேட்டார்கள். பயிருக்குக் கணக்கு வேறு. முக்கியமாக உப்பைப் பார்க்கணும். மின்கடத்தும் திறன் 2250க்குள் இருந்தால் பாசனத் தர அளவுக்கு உட்பட்டது. எங்களுடையது 900. மருந்து இல்லை என்று தெரிந்த பிறகு மடையைத் திறந்தோம்.

சரி, இவ்வளவு பாசி எங்கிருந்து வந்தது? வரத்து வாய்க்கால் ஓரமாகவே நடந்தேன். மேலத்தெருக்காரர் வயலிலிருந்து யூரியா கரைந்து வந்திருக்கலாம். ஆனால் கண்ணெதிரே கறுப்பாக ஒழுகிக்கொண்டிருந்தது என் மாட்டுக்கொட்டகை கழுவிய தண்ணீர். பக்கத்திலேயே மழையில் கரையும்படி நான் குவித்த எருக்குப்பை. இயற்கை எரு என்பதற்காகப் பாசி சும்மா விடுமா?

இப்போது அந்தத் தண்ணீர் வாழைப் பாத்திக்குப் போகிறது, குப்பையை மேட்டுக்கு மாற்றிவிட்டேன். மேலத்தெருக்காரர் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அடுத்த தடவை விடிகாலையில அளக்கப் போறப்ப என்னையும் கூப்பிடுங்க சார்" என்றார்.