உங்களுக்குத் தெரியுமா? அச்சிட்டு எடுக்கும் அலை வடிகட்டி

லைப்சிக் நகரின் தாமஸ் பள்ளியில் ஆசிரியராக இருந்த ஃபெர்டினாண்ட் பிரவுன், 1874-இல் ஒரு விந்தையை வெளியிட்டார்: சில உலோக சல்பைடு படிகங்கள் மின்சாரத்தை ஒரு திசையில்தான் எளிதாக விடுகின்றன. பிற்காலத்தில் படிக வானொலிப் பெட்டிகள் அலையைப் பிடித்தது இந்தக் குணத்தால்தான்.

பிடித்தால் போதுமா? வேண்டாத அலைகளைத் தள்ளவும் வேண்டுமே! செயற்கைக்கோள்களில் அது உலோக வடிகட்டிகளின் வேலை. 2010-இல் ஏவப்பட்ட கா-சாட் என்ற செயற்கைக்கோள் ஒன்றிலேயே ஏறத்தாழ 500 வடிகட்டிகள். நாதஸ்வரக் குழலின் நீளம் சுருதியை முடிவு செய்வதுபோல, வடிகட்டியின் உள்ளறைகளின் அளவே எந்த அலைவரிசை கடக்கும் என்பதை முடிவு செய்கிறது. வழக்கமாக இரண்டு பாதிகளாகக் குடைந்து போல்ட் போட்டு இணைப்பார்கள். எடை கூடாமல் என்ன செய்யும்?

ஏர்பஸ் நிறுவனம் 3டி சிஸ்டம்ஸ் நிறுவனத்துடன் சேர்ந்து, அலுமினியக் கலவைப் பொடியை லேசரால் உருக்கி அடுக்கடுக்காக அச்சிட்டு, முழு வடிகட்டியையும் ஒரே துண்டாக எடுத்தது. 2017-இல் வந்த அறிவிப்பின்படி எடை பாதியாகக் குறைந்தது.

இதைவிட வியப்பு ஒன்று உண்டு. 30 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மின்னோட்டம் செம்பின் மேற்பரப்பில் சுமார் 0.4 மைக்ரான் ஆழத்துக்குள்தான் ஓடும். ஆகவே பிளாஸ்டிக்கில் அச்சிட்டு, உட்புறம் சில மைக்ரான் செம்பு பூசினாலே வடிகட்டி தயார்! உலோகத்தில் அச்சிடும்போது ஒரு தொல்லை சொரசொரப்பு. லேசரில் உருகிய உலோகப் பரப்பு கரடுமுரடாக இருந்தால் சமிக்ஞை வீணாகும். எனவே அச்சிட்ட பிறகும் மெருகேற்றல், வெள்ளிப் பூச்சு போன்ற வேலைகள் தேவைப்படுகின்றன.